உணவியல் பிஎச்.டி.: பணம் யார் பெயரில் வருகிறது?

எம்.எஸ்சி. உணவு, ஊட்டச்சத்து முடித்தவர்கள் கடலூரிலும் சரி, புதுச்சேரியிலும் சரி, முதலில் கேட்பது "எந்தத் தலைப்பு எடுக்கலாம் மேடம்?" என்றுதான். தலைப்பு பின்னால் தானாக வரும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாதாமாதம் வரப்போகும் உதவித்தொகை யார் பெயரில் வரும்? உங்கள் பெயரிலா, ஒரு திட்டத்தின் பெயரிலா, பல்கலைக்கழகத்தின் பெயரிலா? அடுத்த ஐந்து வருடம் எப்படிப் போகும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பதில்தான் முடிவு செய்கிறது. நல்ல மதிப்பெண்ணும் நல்ல மூளையும் இருந்தும் நடுவில் நின்றுபோனவர்களில் பலருக்கு இடறியது பாடம் இல்லை. பணம் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிற்கும் என்ற கணக்கை முன்கூட்டியே போடாததுதான்.

உங்கள் பெயரில் வருவதில் முதன்மையானது, நெட் தகுதித் தேர்வில் முன்னணியில் தேறுகிறவர்களுக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தரும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2023 ஜனவரி 1இலிருந்து, முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதற்குப்பின் எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை) ஆக உயர்ந்தால் 42,000 ரூபாய். மொத்தம் 5 வருடம். நிறுவன விடுதியில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. அது ஊரைப் பொறுத்தது: மத்திய அரசின் பட்டியலில் புதுச்சேரி ஒய் வகை, கடலூரும் சிதம்பரமும் இசட் வகை. அதனால் ஒரே பெல்லோஷிப்பில் இருக்கும் இரண்டு பேருக்குக் கையில் வருவது ஒன்றாக இருக்காது. இதோடு கன்டிஜென்சி என்ற ஆய்வுச் செலவுப்படி: அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000, பிறகு 25,000 ரூபாய். கரைப்பான்கள், வெளி ஆய்வகத்தில் எச்.பி.எல்.சி. (சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டும் கட்டணம், கள ஆய்வுக்குப் பேருந்துச் செலவு என்று வைத்தால் இந்தக் கன்டிஜென்சி வேகமாகக் கரையும். முதல் வருடமே வேதிப்பொருள் பட்டியலை விலையோடு போட்டுப் பார்ப்பது நல்லது.

திட்டத்தின் பெயரில் வருவது என்றால், உங்கள் கைடுக்கு ஏதோ ஒரு நிதி நிறுவனம் கொடுத்த ஆய்வுத் திட்டத்தில் நீங்கள் ஜே.ஆர்.எஃப்.பாகவோ திட்ட உதவியாளராகவோ சேர்வது. பணம் அந்தத் திட்டத்தோடு கட்டிப்போடப்பட்டது. 3 வருடத் திட்டத்தில் ஆள் எடுக்கும் விளம்பரம் எட்டாவது மாதத்தில் வந்தால் உங்களுக்கு மிச்சம் 28 மாதம். பிஎச்.டி. பதிவு அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போனால் 22 மாதம். ஆனால் யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தபட்சமே 3 வருடம். மீதி காலத்துக்கு யார் கொடுப்பார்கள் என்பதைச் சேரும் முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்க வேண்டியது மூன்று: திட்ட ஒப்புதல் ஆணையின் தேதி என்ன, இதே வேலையை பிஎச்.டி.யாகப் பதிவு செய்ய விடுவார்களா, அந்தத் தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா? மூன்றாவதைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட்டால் கடைசி வருடத்தில் இன்னொரு ஆய்வை முதலிலிருந்து தொடங்க வேண்டி வரலாம்.

பல்கலைக்கழகத்தின் பெயரில் வருவதற்கு உதாரணம், மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேரும் முழுநேர ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும் மாதம் 8,000 ரூபாய். காலாப்பட்டில் உணவு அறிவியல் தொழில்நுட்பத் துறை வைத்திருக்கும் புதுவைப் பல்கலைக்கழகமும் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் இந்த வகை. கடலூரிலிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறிக் காலாப்பட்டு போய்வரும் ஒருவருக்கு 8,000 ரூபாய் சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் சரியாகிவிடும். இதை நம்பி வாடகை வீடு பிடிக்காதீர்கள். இதில் சேர்ந்துவிட்டு, 30 வயது கடக்கும் முன் ஜே.ஆர்.எஃப். எழுதி மாறிக்கொள்வதுதான் பலரும் செய்வது, சரியான வழியும் கூட. ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 வருடத் தளர்வு உண்டு.

எந்தத் தேர்வு எழுதுவது என்பது நீங்கள் படித்த பட்டத்தைப் பொறுத்தது. எம்.எஸ்சி. உணவு, ஊட்டச்சத்துக்காரர்களுக்கு யு.ஜி.சி. நெட்டில் மனையியல் தாள். முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண்; இரண்டாவது 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து 3 மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. அதனால் ஒரு கேள்வியையும் விடக்கூடாது. இங்கே விழும் குழி என்னவென்றால், மனையியல் தாளில் உணவும் ஊட்டச்சத்தும் ஒரு பகுதிதான். துணியியல், ஆடை வடிவமைப்பு, குழந்தை வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, வீட்டு உள் அலங்காரம், விரிவாக்கக் கல்வி எல்லாம் அதே எடையில் நிற்கும். தன் பாடத்தில் கரை கண்டவர் பருத்தி இழைக்கும் விஸ்கோஸுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஜே.ஆர்.எஃப். கட்-ஆஃப்பை இரண்டு மூன்று கேள்வியில் விடுவது ஒவ்வொரு முறையும் நடக்கிறது. இருக்கும் நேரத்தில் பாதியைத் தெரியாத அலகுகளுக்குக் கொடுங்கள். உயிர்வேதியியலில் பலமுள்ளவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட் உயிர் அறிவியல் தாளை எழுதலாம், ஆனால் அதில் தவறுக்கு மதிப்பெண் குறைப்பு உண்டு.

பி.டெக். உணவுத் தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு கேட் என்ற தேசியப் பொறியியல் தகுதித் தேர்வு. அதில் உணவுத் தொழில்நுட்பம் இரண்டு தாள்களில் வருகிறது. எக்ஸ்.இ. (பொறியியல் அறிவியல்) தாளில் எடுத்தால் பொறியியல் கணிதம் கட்டாயம், எக்ஸ்.எல். (உயிர் அறிவியல்) தாளில் எடுத்தால் வேதியியல் கட்டாயம். கணிதம் விட்டுப்போனவர்களுக்கு எக்ஸ்.எல். தான் பாதுகாப்பு. கேட் மதிப்பெண் 3 வருடம் செல்லும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கேட் தேர்ச்சி பெற்றதும் உங்கள் பெயரில் ஐந்து வருடப் பணம் வந்துவிடாது. நிறுவனங்களிலும் திட்டங்களிலும் தகுதிச் சான்றாக அது உதவும், அவ்வளவே. இதை ஜே.ஆர்.எஃப். மாதிரி நினைத்து நெட் எழுதாமல் விட்டவர்கள் உண்டு.

2024 ஜூன் முதல் நெட் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்.போடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு பிஎச்.டி. சேர்க்கை, பிஎச்.டி. சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகைக்கும் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதமும் நேர்காணலுக்கு 30 சதவீதமும் எடை. பிஎச்.டி. சேர்க்கைக்கு அது ஒரு வருடம்தான் செல்லும். டிசம்பர் தேர்வில் தேறிவிட்டு "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று இருந்தால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

இனி சான்றிதழ். பெரும்பாலான இழப்பு நடக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று வாங்கி வைத்திருக்கும் நிரந்தர சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வில் ஓ.பி.சி. என்று செல்லாது. முதலில் உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் அங்கே இருப்பதில்லை. இருந்தால், மத்திய அரசு படிவத்தில் நான் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற) சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அது அந்த நிதியாண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். மார்ச் மாதம் வாங்கி வைத்தது ஜூன் தேர்வுக்குத் தகுதியில்லாமல் போய்விடும். வருமான உச்சவரம்பு 8 லட்சம். அதில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாமல், "எங்கப்பா வாத்தியார், எனக்குக் கிடைக்காது" என்று தாங்களாகவே பொதுப்பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். ஆனால் பெற்றோரின் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். கடலூர்ப் பக்கம் என்றால் இ-சேவை மையம், புதுச்சேரி என்றால் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் தாலுகா அலுவலகங்களில் உங்களுக்குரியது. ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் ஆங்கில எழுத்து ஒன்றாக இருக்கிறதா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதையும் அப்போதே சரிபாருங்கள். பின்னால் வங்கிக்கணக்கில் பணம் ஏறாமல் திரும்புவதற்கு இதுவே காரணமாகிறது.

தேர்வே இல்லாமல் வரும் பணமும் இருக்கிறது. வீட்டுக்கு ஒரே பெண் குழந்தையாக இருப்பவர்களுக்கு யு.ஜி.சி.யின் சாவித்திரிபாய் ஜோதிராவ் புலே பெல்லோஷிப். ஜே.ஆர்.எஃப். அளவுத் தொகை, பிஎச்.டி. முழுநேரமாகப் பதிவாகியிருக்க வேண்டும், ஒரே மகள் என்று பெற்றோர் முத்திரைத்தாளில் உறுதிமொழி தர வேண்டும். கூடப் பிறந்த ஆண் பிள்ளை இருந்தால் கிடையாது; இரட்டைப் பெண்கள் என்றால் உண்டு. பொதுப்பிரிவில் வயது வரம்பே 40 என்பதால், கல்யாணத்துக்குப் பிறகு ஆராய்ச்சிக்குத் திரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல கதவு கிடையாது. எங்கள் மாவட்டத்தில் இதைப் பற்றிக் கேள்விப்படாமலே தகுதியுள்ளவர்கள் வயதைக் கடந்துவிடுகிறார்கள் என்பது உண்மையிலேயே வருத்தம். பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றவர்கள் இன்ஸ்பயர் பெல்லோஷிப்பைப் பார்க்கலாம். தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகை ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய். தேர்வோடு வருவது ஒன்றும் உண்டு: தமிழ்நாடு முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தனித் தேர்வு வைத்திருக்கிறது. அறிவிப்பு வரும்போது தவறவிடக்கூடாது.

பகுதிநேரப் பதிவு பற்றியும் சொல்லியாக வேண்டும். கௌரவ விரிவுரையாளராகவோ மருத்துவமனையில் டயட்டீஷியனாகவோ வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்துவிட்டு, ஒரு வருடம் கழித்து "பெல்லோஷிப் எப்படி வாங்குவது?" என்று கேட்கிறார்கள். பகுதிநேரத்துக்குக் கிடையாது. முழுநேரத்தில் ஜே.ஆர்.எஃப். வாங்கிக்கொண்டு இன்னொரு சம்பளமும் வாங்க முடியாது. தெரிந்தால் வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும். "உறுதியான பெல்லோஷிப்போடு பிஎச்.டி." என்று முன்பணம் கேட்கும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு வழியே இல்லை.

கைடு தேடும்போது அவர் எழுதிய கட்டுரைகளுக்கு முன்னால் இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, இடம். பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேருக்குத்தான் ஒரே நேரத்தில் வழிகாட்டலாம். இரண்டு, ஓய்வு பெறும் வருடம். பணி ஓய்வுக்கு 3 வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. இதைத் துறை அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். மின்னஞ்சல் எழுதினால் 200 வார்த்தைக்குள் நிறுத்துங்கள்: என்ன படித்தீர்கள், எம்.எஸ்சி. ஆய்வில் கையால் செய்த பரிசோதனைகள் எவை, அவருடைய எந்த வேலையின் தொடர்ச்சியாக எதைச் செய்ய நினைக்கிறீர்கள், பணம் எந்த வழியில் வருகிறது. கடைசி வரி இருந்தால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஒரே கடிதத்தை முப்பது பேருக்கு அனுப்பினால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

உள்ளூரை விட்டு வெளியே பார்க்கிறவர்களுக்குத் தஞ்சாவூர் நிஃப்டெம், மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. (மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம்), கோவை அவினாசிலிங்கம் பல்கலைக்கழகம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆகியவை முதல் வரிசை. கடைசியாகச் சொன்னது 1918இல் நம் குன்னூரில் பெரிபெரி ஆய்வுக்கூடமாகப் பிறந்தது. சி.எஃப்.டி.ஆர்.ஐ.யில் ஏ.சி.எஸ்.ஐ.ஆர். (அறிவியல், புத்தாக்க ஆராய்ச்சி அகாடமி) வழியாக ஜனவரி, ஆகஸ்ட் என்று இரண்டு சேர்க்கை. அங்கே பொதுவாகக் கையில் பெல்லோஷிப்போடுதான் போக வேண்டும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். நம் பக்கம் இருக்கும் பெரிய சொத்து பண்ருட்டி: முந்திரியும் பலாவும். முந்திரிக்கொட்டைக்காகப் பழத்தை மரத்தடியில் அழுக விடுகிறோம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழம் அது. நல்ல தலைப்புதான், ஆனால் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு எடுக்க வேண்டிய தலைப்பு. பருவம் மார்ச் தொடங்கி ஜூன் வரை. ஆகஸ்டில் சேர்ந்து கோர்ஸ் ஒர்க் (பிஎச்.டி.யின் தொடக்கப் பாடங்கள்) முடித்து நெறிமுறை தயார் செய்வதற்குள் முதல் பருவம் வந்துவிடும். அதைச் சோதனை ஓட்டமாகவே விட்டால் உருப்படியான தரவுக்கு இரண்டே பருவம்தான். ஒரு பருவத்தில் பிழை நேர்ந்தால் சரிசெய்ய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். எனவே பருவப் பழத்தோடு, வருடம் முழுக்கக் கிடைக்கும் ஒரு பொருளையும், உதாரணமாகக் காயவைத்த பலாக்கொட்டை மாவையோ பாரம்பரிய அரிசியையோ, ஆய்வில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முந்திரிப்பழம் பறித்த ஒரே நாளில் கெடத் தொடங்கும். பண்ருட்டித் தோப்பிலிருந்து ஆய்வகம் வரை ஐஸ் பெட்டியில் வர வேண்டும், வந்த உடனே 3 சதவீத மெட்டாபாஸ்பாரிக் அமிலத்தில் பிழிந்துவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் மறுநாள் காலை டைட்ரேஷன் போட்டால் வரும் எண் பழத்தின் வைட்டமின் சி ஆகாது, உங்கள் தாமதத்தின் அளவாகத்தான் இருக்கும். கரகரப்புக்குக் காரணமான டானினை எடுக்க ஊரில் கஞ்சித்தண்ணீரும் ஜவ்வரிசிக் கூழும் விடுவார்கள். அது வேலை செய்கிறது, அறிவியலும் இருக்கிறது. ஆனால் எவ்வளவு விட்டோம் என்று ஒவ்வொரு தொகுதிக்கும் எடை போட்டு எழுதாவிட்டால் கட்டுரையில் போட முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு கவலை: மின்சாரம். 2011 டிசம்பர் 30 தானே புயலையும் 2024 நவம்பர் ஃபெஞ்சலையும் பார்த்த கடற்கரை இது. உறைவிப்பானில் இருக்கும் மாதிரிகளைச் செப்டம்பருக்குள் பாதியாவது உறைஉலர்த்தி, வேறொரு கட்டடத்திலும் ஒரு பங்கு வைத்துவிடுங்கள்.

நேர்காணலில் தலைப்பின் பெருமையைப் பற்றிக் கேட்க மாட்டார்கள், அடிப்படையைத்தான் கேட்பார்கள். புரதத்தை அளக்கும் கெல்டால் முறையில் நைட்ரஜனை எதனால் பெருக்குவீர்கள்? எல்லாவற்றுக்கும் 6.25 என்று சொன்னால் அடுத்த கேள்வி, அரிசிக்கு? 5.95. வேர்க்கடலைக்கு 5.46. ஈரப்பதத்தை 105 டிகிரியில் பார்க்கிறோம். சர்க்கரை நிறைந்த பலாச்சுளையை அந்தச் சூட்டில் வைத்தால் சர்க்கரையே சிதைந்து எடை தவறும், அதனால் வெற்றிட அடுப்பில் 70 டிகிரி. இன்னொன்று, மும்முறை என்றால் என்ன? ஒரே சாற்றை மூன்று தடவை கருவியில் வைப்பது மும்முறை ஆகாது. மூன்று தனித்தனித் தொகுதி வேண்டும். 3 அரிசி வகை, பச்சை, புழுங்கல் என 2 பதம், 3 தொகுதி என்றால் 18 மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பரிசோதனை என்றால் 180. இந்தப் பெருக்கலை முன்மொழிவிலேயே போட்டுக் காட்டுகிறவரைக் குழு நம்பும்.

மனிதர்களை வைத்து ஆய்வு என்றால் கணக்கு இன்னும் கடுமை. முதலில் நெறிமுறைக் குழு ஒப்புதல், பிறகு தலையீட்டு ஆய்வு (உணவோ மருந்தோ கொடுத்துப் பார்ப்பது) என்றால் முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதியிட்ட பதிவு கிடையாது, பதிவு எண் இல்லாமல் நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடாது. ஒப்புதல் படிவம் நல்ல தமிழில், பாகூரில் வயல்வேலைக்குப் போகும் அக்காவுக்குப் புரியும்படி இருக்க வேண்டும். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்தால் குழு திருப்பி அனுப்பும், ஒரு கூட்டம் தள்ளிப்போகும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதனால் இரும்புச்சத்துத் தலைப்பு எடுப்பவர்கள் நிறைய. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். முப்பது நாள் லட்டு கொடுத்து ஹீமோகுளோபின் ஏறியது என்று சொன்னால் யாரும் ஏற்கமாட்டார்கள். 90 நாளாவது வேண்டும். நடுவில் விலகுவோருக்காக 20 சதவீதம் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். ஒப்புதல், பதிவு, ஆள்சேர்ப்பு, 90 நாள், பகுப்பாய்வு என்று அடுக்கினால் ஒன்றரை வருடம் ஓடிவிடும்.

சேர்ந்த பிறகு பணம் முதல் மாதமே வராது. சேர்க்கை அறிக்கையைப் பல்கலைக்கழகம் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அதன்பின் மாதாமாதம் ஒருவர் பதிவிட, இன்னொருவர் சரிபார்த்து உறுதி செய்தால்தான் தொகை வரும். அந்த இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் மாதம் நின்றுபோகும். நிலுவை பிறகு சேர்ந்து வரும், ஆனால் வாடகை காத்திருக்காது. ஆறு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் வருகைச் சான்றை நீங்களே எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். இரண்டு வருடம் முடியும்போது எஸ்.ஆர்.எஃப். ஆக உயர்த்த வெளி நிபுணர் உள்ள குழு கூட வேண்டும். அந்தத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே கைடிடம் நினைவுபடுத்துங்கள். பெண் ஆய்வாளர்களுக்கு மொத்த ஆய்வுக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு விதியிலேயே இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம், எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

வெளிநாட்டைப் பொறுத்தவரை ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற இடங்களில் பிஎச்.டி. பெரும்பாலும் சம்பள வேலையாகவே விளம்பரமாகிறது. யூராக்ஸஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைவாய்ப்புத் தளத்தில் ஆங்கிலத்தில் 'food' என்று தேடினால் வரும். ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி வலையமைப்புப் பணிகளுக்குக் கடந்த 36 மாதத்தில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக்கூடாது. இந்தியாவிலேயே இருக்கும் நமக்கு இது சாதகம். பிரிட்டன் விளம்பரங்களில் 'உள்நாட்டுக் கட்டணம் மட்டும்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அது இருந்தால் மீதிக் கட்டணம் உங்கள் தலையில். விண்ணப்பங்கள் நவம்பர் முதல் ஜனவரிக்குள் அதிகம் மூடும். பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பெண் டிரான்ஸ்கிரிப்ட் முத்திரையிட்டு வாங்கவே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் ஆகஸ்டில் பணம் கட்டி விண்ணப்பியுங்கள். ஐந்து பிரதி கேளுங்கள், ஒன்றைப் பிரிக்காமல் வீட்டில் வையுங்கள்.